வாலுக்குப் பின்னால் யாருமில்லை

எங்கள் மலைநடைக் குழுவின் எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் கல்யாணசுந்தரம் சார் ஓரத்தில்தான் இருப்பார். பாதிப் படங்களில் அவருடைய தோளும் தொப்பியும் மட்டும்தான் விழுந்திருக்கும். கடைசியாக வந்து சேருகிறவருக்கு நடுவில் யார் இடம் போட்டு வைக்கிறார்கள்?

கடைசியாக வருவதுதான் அவர் வேலை. குழுவில் அதற்கு வால் என்று பெயர். முன்னால் வழிகாட்டிப் போகிறவர் தலை. தலையாக இருப்பவர் சேதுமாதவன். வங்கியில் பெரிய பதவி, மணிக்கட்டில் அதைவிடப் பெரிய கடிகாரம், காலில் சக்கரம். இரண்டுக்கும் நடுவில் நாங்கள், வளைகுடாவுக்கு வந்து கராமாவிலும் அக்கம்பக்கத்திலும் குடியிருக்கும் தொப்பை விழுந்த, முழங்கால் தேய்ந்த தமிழர்கள். வாலைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக்கூடாது என்பது குழுவின் ஒரே சட்டம். லேஸ் கட்ட நின்றாலும் சரி, செல்ஃபி எடுக்க நின்றாலும் சரி, நாம் கிளம்பும்வரை வால் நமக்குப் பின்னால் பேசாமல் நின்றுகொண்டிருக்கும்.

மற்றவர்களுக்கு அந்த வேலை தண்டனை. முறை போட்டுப் பார்த்தோம், யாரும் ஒரு தடவைக்கு மேல் தாங்கவில்லை. இவருக்கு மட்டும் அது பழகிப்போன வேலை. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து முதலில் வந்து இறங்கியது ருவைஸில், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டைம் கீப்பராக. டியூட்டி முடிந்து தொழிலாளர் கேம்ப்புக்குப் போகும் பஸ்ஸில் எல்லோரையும் எண்ணி ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏற வேண்டியவர் அவர்தான். ஒருவர் குறைந்தாலும் பஸ் நகராது. இப்போது அல் கூஸில் ஏசி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஐம்பத்தைந்தைத் தாண்டியாயிற்று, பழக்கம் போகவில்லை. மெட்ரோவில் எல்லோருக்கும் வழிவிட்டு நின்றதில் கதவு மூடி ரயில் போய்விட்டதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் பிருந்தா, சொந்த ஊர் கோயம்புத்தூர். கராமாவில் ஒரு கிளினிக்கின் லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் கோபம் வரும் என்று என் கணவர் சொல்வார். அந்தக் 'கொஞ்சம்' அவர் பயத்தில் சேர்த்துக்கொண்டது.

கல்யாணசுந்தரம் சார் மேலும் எனக்கு ஒரு கோபம் இருந்தது. மலை உச்சியில் எல்லோரும் டப்பாவைத் திறந்து புளிசாதம், ஊறுகாய், மிக்சர் என்று கைமாற்றிக்கொள்ளும்போது அவர் மட்டும் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தன் டப்பாவில் இருப்பதை மட்டும் சாப்பிடுவார். எதை நீட்டினாலும் "இருக்கட்டும்மா, கொண்டு வந்திருக்கேன்" என்பார். இரண்டு வருடமாக இதே கதை. மனிதருக்கு நம் கை பட்டால் ஆகாது போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நவம்பர் சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. ராஸ் அல் கைமா மலையில் நீண்ட நடை. விடியும் முன் வாதி என்று இங்கே சொல்கிற வறண்ட ஆற்றுப்பள்ளம் ஒன்றிலிருந்து ஏறி, மலை முதுகிலேயே நடந்து, மறுபக்கம் இறங்கி, இருட்டுவதற்குள் காருக்கு வந்துவிட வேண்டும். குளிர்காலம் வந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னதே தவிர வெயிலுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. மரம் என்று ஒன்றும் கிடையாது. மொட்டைப் பாறை, கழுதை போன தடம், எப்போதோ ஜனங்கள் விட்டுப்போன கல் வீடுகள், அவற்றின்மேல் ஏறி நின்று எங்களைக் கேவலமாகப் பார்க்கும் ஆடுகள்.

போன சீசனில் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்ததால் சேதுமாதவன் இந்த முறை ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். அவர் கடிகாரம் பீப் அடிக்கும்போதெல்லாம் "தண்ணி!" என்று கத்துவார், வரிசையில் அது வாய்மாறி வால்வரை போகும், எல்லோரும் குடிக்க வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஏமாற்றினோம். ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டோம். கல்யாணசுந்தரம் சார் ஒருவர் மட்டும் சொன்னது சொன்னபடி நின்று, பாட்டிலை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தார். மற்றவர்களுக்கு என்று வால் தூக்கிவரும் உபரித் தண்ணீரையும் யாரும் கேட்காததால் அவரே குடித்துத் தீர்த்தார்.

மலை முதுகின் நடுவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அந்த வட்டாரத்திலேயே போனில் சிக்னல் கிடைப்பது அதன்மேல் மட்டும்தான். சாப்பிட்டானதும் எல்லோரும் அதன்மேல் ஏறி வீட்டுக்குப் பேசினோம். அவரும் தன் மனைவி சரோஜாக்காவிடம் பேசினார். எப்போதும் பேசுவதுதான்: சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடட்டுமா. அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இறக்கத்தில்தான் வினை ஆரம்பித்தது. என் வலது முழங்கால் மக்கர் பண்ண, நான் வரிசையில் பின்னுக்கு வந்து வந்து கடைசியில் வாலுக்கு முந்தின ஆளாகிவிட்டேன். எனக்குக் கொஞ்சம் முன்னால் சதக்கத்துல்லா. காயல்பட்டினத்துக்காரர், டேராவில் வாட்ச் கடை, கல்யாணசுந்தரம் சாருக்கு நெடுநாள் சிநேகிதர். மற்றவர்கள் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சார் அடிக்கடி ஒன்றுக்கு ஒதுங்கினார். ஒவ்வொரு தடவையும் "நீங்க போங்க, வந்துடறேன்" என்றார். பிறகு ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தலையை வலிக்கிறது என்றார். வெயில்தான், வேறென்ன என்று நான் என் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கிப் பாதியைக் குடித்தார்.

"வாங்க சார், மெதுவாப் போலாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, வந்த வழியிலேயே மேலே ஏற ஆரம்பித்தார்.

"சார், எங்க போறீங்க?"

"பின்னால ஆள் இருக்கு."

நான் பார்த்தேன். தடம் காலியாகக் கிடந்தது. ஓர் ஆடுகூட இல்லை. "யாரும் இல்லீங்க சார். நாமதான் கடைசி."

"இல்லம்மா. ஒரு ஆள் குறையுது. பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க."

சதக்கத்துல்லாவைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து சாரின் கையைப் பிடித்தார். "அண்ணே, என்ன இது, வாங்க இறங்குவோம்." சார் உதறினார். ஆள் ஒல்லி, அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "சரோஜா பின்னால வர்றா. விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்று கத்தினார். ஆறு சீசனில் அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இருவருமாகச் சேர்த்துப் பிடித்து ஒரு பாறை நிழலில் உட்காரவைத்தோம்.

கையைப் பிடித்தபோதுதான் பார்த்தேன். விரல்கள் புடைத்திருந்தன. மோதிரம் சதைக்குள் அழுந்தியிருந்தது. தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன ஆளுக்குக் கை இப்படி வீங்காது, இத்தனை தடவை ஒதுங்கவும் மாட்டார். எனக்கு எங்கள் லேபின் ரிப்போர்ட் கண்முன்னால் வந்தது. ரத்தத்தில் சோடியம் ஓர் அளவுக்குக் கீழே போனால் நாங்கள் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகக் காத்திருக்க மாட்டோம், டாக்டருக்கு நேராகப் போன் போடுவோம். மூளை வீங்கும், வலிப்பு வரும், ஆள் போய்விடலாம். காலையிலிருந்து இவர் குடித்த தண்ணீர் உடம்பிலிருந்த உப்பையெல்லாம் நீர்க்கச் செய்துவிட்டது. அதன்மேல் நானும் பாதி பாட்டில் ஊற்றியிருக்கிறேன்.

"தண்ணி குடுக்காதீங்க. சொட்டுக்கூடக் குடுக்காதீங்க" என்று சதக்கத்துல்லாவிடம் சொல்லிவிட்டுப் பையைக் கவிழ்த்தேன். மலைப்பாதையில் கார் வளையும்போது எனக்குக் குமட்டும் என்பதால் உப்பு நார்த்தங்காய் எப்போதும் வைத்திருப்பேன். ஓ.ஆர்.எஸ். உப்புப்பொடிப் பாக்கெட் இரண்டும் இருந்தன. ஒரு துண்டு நார்த்தங்காயை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

வாசனை பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டார். என் கையைத் தள்ளினார். நார்த்தங்காய் மண்ணில் விழுந்தது.

"உப்பு வேண்டாம்."

"சார், மருந்துன்னு நெனச்சுச் சாப்பிடுங்க."

"முருகன்கிட்ட சொல்லிட்டேன். உப்பு வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. சதக்கத்துல்லாதான் சொன்னார். அவருக்கும் முழுசாகத் தெரியாதாம். ஒரு நோன்பின்போது கஞ்சி குடிக்கக் கூப்பிட்டு, இவர் மாட்டேன் என்றபோது வற்புறுத்திக் கேட்டதில் வந்த விஷயமாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் சரோஜாக்காவுக்கு உப்பை நிறுத்தியிருக்கிறார். ஒரு வீட்டில் எதற்கு ரெண்டு குழம்பு என்று அன்றைக்கே இவரும் நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா? அந்தக் கந்த சஷ்டியில், அவளுக்குச் சரியாகி டாக்டர் உப்புச் சேர்க்கலாம் என்று சொல்லும்வரை நானும் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாராம். மீறினால் அவளுக்குத்தான் ஏதாவது ஆகும் என்று பயம்.

கையில் கிடைத்ததை எடுத்து முருகனையும் இவரையும் சேர்த்து அடிக்கலாம் என்று இருந்தது எனக்கு. இதற்காகவா அந்தப் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்? என் மிக்சரை இதற்காகவா வேண்டாம் என்றார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? இந்த வெயிலில், உப்பே சேராத உடம்போடு, யாரோ கத்தக் கத்தக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும்?

கெஞ்சினேன். மிரட்டினேன். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கப் பார்த்தேன். திமிறியதில் என் மூக்குக் கண்ணாடி போனதுதான் மிச்சம். வலுக்கட்டாயமாக ஊற்றினால் புரையேறி அதுவே ஆபத்து. அவர் கண் செருகிச் செருகித் திறந்தது. நினைவு தப்பிவிட்டால் அப்புறம் வாய் வழியாக எதுவும் கொடுக்க முடியாது.

"அண்ணி ஒரு ஆள் சொன்னாத்தான் அண்ணன் கேப்பாரு" என்றார் சதக்கத்துல்லா.

முன்னால் போனவர்களைக் கத்திக் கூப்பிட்டுப் பார்த்தோம், எட்டவில்லை. சிக்னல் பாறை மேலே இருந்தது. அவர்தான் ஓடுகிறேன் என்றார். ஆனால் சார் மறுபடி எழுந்து ஓடினால் என்னால் பிடித்து நிறுத்த முடியாது. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறைக்கு அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லாத சரிவு. நான்தான் போக வேண்டும். முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். பாதி தூரம் கையையும் ஊன்றித்தான் ஏறினேன். வலித்தபோதெல்லாம் எல்லோரையும் வாய்விட்டுத் திட்டினேன். திட்டியதால்தான் ஏற முடிந்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

பாறை மேலிருந்து முதலில் அவசர எண்ணுக்குப் போட்டேன். இடத்தை அனுப்பச் சொன்னார்கள், மீட்புக் குழு கிளம்புகிறது, கொஞ்சம் நேரமாகும், நோயாளியை நகர்த்த வேண்டாம் என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. அடுத்து சரோஜாக்கா.

"அக்கா, நான் பிருந்தா. பதறாம கேளுங்க." எனக்கே மூச்சு வாங்கியது. சொன்னேன். உப்பு உள்ளே போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, டாக்டர் உங்களுக்கு உப்பு விட்டிருக்காருங்களா? அப்படி ஏதாவது..."

"எங்கம்மா. போன வாரம்தான் போனோம். இன்னும் ஆறு மாசம் தொடவே கூடாதுன்னுட்டார்." குரல் உடைந்தது. பிறகு உடனே சரியானது. "நீ இப்ப அவர் பக்கத்துல இருக்கியா?"

"இல்லீங்கக்கா. அங்க சிக்னல் இல்ல. நான் மேல வந்து பேசறேன்."

"அப்ப போன வை. வாய்ஸ் அனுப்பறேன். கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு."

வைத்தேன். சிக்னல் ஒரு கோட்டுக்கும் ஒன்றுமில்லாததுக்கும் இடையில் ஆடியது. வாட்ஸ்அப்பில் 'பதிவு செய்கிறார்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. கீழே சதக்கத்துல்லா ஏதோ கத்துவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. செய்தி வந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது முழுசாக இறங்கியதும் கேட்கக்கூட நிற்கவில்லை.

இறங்குவதற்குள் இரண்டு முறை விழுந்தேன். சார் சதக்கத்துல்லாவின் மடியில் சாய்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. "கூப்பிட்டா ஊங்கிறாரு, அவ்வளவுதான்" என்றார் சதக்கத்துல்லா. அவர் கன்னமெல்லாம் ஈரம். நான் போனைச் சாரின் காதோடு வைத்து அழுத்தினேன்.

"என்னங்க," என்றது சரோஜாக்காவின் குரல். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். காலைல டாக்டர் போன் பண்ணார். புது ரிப்போர்ட் நல்லா வந்திருக்காம். உப்பு சேத்துக்கலாம்னுட்டார்." இங்கே அக்கா சிரித்தாள். "நீங்க வந்ததும் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். எனக்குப் பொறுக்கல, மதியமே ரசத்துல உப்பு போட்டுச் சாப்பிட்டேன். உங்க வேண்டுதல் முடிஞ்சுதுங்க. அந்தப் பொண்ணு குடுக்கறத வாங்கிக்கங்க. நல்ல புள்ளையா வாயத் திறங்க."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி போட்டேன். "நல்ல புள்ளையா வாயத் திறங்க" என்று இரண்டாவது தடவை வந்தபோது அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

நார்த்தங்காயைச் சின்னதாகக் கிள்ளி நாக்கில் வைத்தேன். சப்பினார். இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் பாட்டில் மூடியளவு தண்ணீரில் கூழாகக் குழைத்து விரலால் எடுத்து ஊட்டினேன். ஒரு தடவை வாந்தியாக வந்தது. திரும்ப ஊட்டினேன். சதக்கத்துல்லா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதினார். நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் திட்டினேன். வெயில் சாய்ந்து எதிர்மலை சிவக்கும்போது சார், "பிருந்தாம்மா, எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்டார். என் பெயர் அவருக்கு நினைவு வந்துவிட்டது. நான் அப்போதுதான் அழுதேன்.

ஹெலிகாப்டர் வந்து எடுத்துப் போனது. ஆஸ்பத்திரியில் அவருடைய சோடியம் எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கும், சமயத்தில் ஏதோ கொடுத்திருக்கிறீர்கள் என்றார் அங்கிருந்த டாக்டர்.

சேதுமாதவன் கடிகாரத்தில் பீப்பை அணைத்துவிட்டார். குழுவில் இன்னொரு சட்டமும் வந்தது: இனிமேல் வால் தனியாக வரக்கூடாது, கூட ஓர் ஆள் நடக்க வேண்டும். முழங்காலைச் சாக்கிட்டு அந்த இடத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரியில் மறுபடி வந்தார். சின்ன நடைதான். உச்சியில் டப்பாவைத் திறந்தார், தயிர்சாதத்தின் ஓரத்தில் நார்த்தங்காய். அவரே ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அக்கா சொன்ன பொய் எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாதே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. "அக்கா எப்படிங்க சார் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கா. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே, டாக்டர் மறுபடி உப்ப நிறுத்திட்டாருன்னா. அது அடுத்த பொய்." டப்பாவைப் பார்த்தபடியே சொன்னார். "நானும் அடடான்னு கேட்டுக்கிட்டேன்."

"அப்ப முதல் பொய்யும் தெரியுங்களா?"

"அன்னிக்கே தெரியும்மா. எனக்கு வழி மறந்துச்சு, உங்க பேரு மறந்துச்சு. அவ குரல் மறக்குமா? அவளுக்குப் பொய் வராது. பொய் சொன்னா நடுவுல சிரிச்சுடுவா."

"தெரிஞ்சுதான் வாயத் திறந்தீங்களா? அந்த வேண்டுதலு?"

நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றார். "அவளுக்கு நல்லாகணும்னுதான வேண்டிக்கிட்டேன். அவ அந்தப் பக்கம் நான் பொழைக்கணும்னு, வராத பொய்யச் சொல்லிக்கிட்டு நிக்கறா. அவள அப்படி நிக்க வெச்சுட்டு நான் சாமிகிட்ட எதக் கேக்கறது?"

கீழே சேதுமாதவன் "கிளம்பலாம்" என்று குரல் கொடுத்தார். சார் டப்பாவை மூடிப் பையில் வைத்தார். எழுந்து, வழக்கம்போல் வந்த தடத்தைக் கடைசி வளைவுவரை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க பிருந்தாம்மா. நான் நம்பிட்டேன்னு நெனச்சு, இப்பத்தான் உப்புப் போட்டது, போடாததுன்னு தினம் ரெண்டு குழம்பு வெக்கிறா" என்றார்.